ஒட்டாத கல்... ஒட்டிக்கொண்ட பழி!

"தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இருக்கக் கத்துக்கோ" என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். எதையும் மனசில் ஒட்டவிடாதே என்று அர்த்தம். அந்தப் புத்திமதியை நான் எவ்வளவு தூரம் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அறுபது வயசு தாண்டிய பிறகு, தாமரை இலை ஏன் ஒட்டுவதில்லை என்ற பாடத்தை நான் நிஜமாகவே படிக்க வேண்டி வந்தது. அதுவும் ஒரு தோசைக்கல்லால்! என் மருமகள் மேல் நான் வீணாகச் சுமத்திய ஒரு பழியால்!

சீர்காழியில் சட்டைநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மருமகளுக்கென்று ஒரு தோசைத் தவா வாங்கினேன். கறுப்புப் பூச்சுப் போட்டது வேண்டாம், 'செராமிக்' என்று வெள்ளையாக வருகிறதே, அதுதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஆறு மாசம் தோசை அப்படியே வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. எண்ணெயே வேண்டியிருக்கவில்லை. எட்டாவது மாசம் நடுவில் லேசாகப் பிடிக்க ஆரம்பித்தது. அப்புறம் தோசை முழுசாக வரவே இல்லை. ஒரு நாள் காலையில் மகன் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் நாலு தோசையும் கிழிந்துபோக, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆசையா வாங்கிக் கொடுத்த சாமானை எட்டு மாசத்துல பாழாக்கிட்டியே! உங்க வீட்டுல பாத்திரம் புழங்கவே சொல்லிக் குடுக்கலையா?"

அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தோசை வார்க்கும் வேலை என்னுடையதாயிற்று. மறு வாரம் அவளுடைய அம்மா, அதே மாதிரி புதுத் தவா ஒன்றை வாங்கி, காகிதம் கூடப் பிரிக்காமல் அனுப்பி வைத்தார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாமியார் என்ற கௌரவம் விடுமா? "இதை நான்தான் புழங்குவேன், யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணுக்குக் கண்ணாக வைத்துக்கொண்டேன். மரக் கரண்டியைத் தவிர வேறு எதுவும் படவிடவில்லை. கம்பி நாரைப் பக்கத்தில் கூடச் சேர்க்கவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? பத்தாவது மாசம் அதுவும் ஒட்டியது!

அந்த வருஷம் பொங்கலுக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். சென்னையில் பெயிண்ட் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். அவனிடம் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பெரியம்மா, இதுல உங்க மேலயும் தப்பில்ல, அண்ணி மேலயும் தப்பில்ல. இதோட ஆயுசே அவ்வளவுதான்" என்றான். அவன் சொன்னதையும், அப்புறம் நானாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல இன்னொரு மாமியார் வாயைக் கொட்டிவிட்டு வருத்தப்பட வேண்டாமே!

இலையில் இருக்கும் சூட்சுமம்

பூக்காரம்மா தாமரை இலையில் பூ மடித்துக் கொடுக்கும்போது அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி உருண்டு ஓடும். அதே சொட்டை நன்றாகக் கழுவிய கண்ணாடி மேல் விட்டால் படர்ந்துவிடும். ஒரு பரப்பு தன் மேல் விழுந்ததை இழுத்துப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறதா, 'போனால் போ' என்று விட்டுவிடுகிறதா என்பதற்கு இந்தச் சொட்டின் உருவமே சாட்சி. சொட்டின் விளிம்பு பரப்போடு சேரும் இடத்தில் உண்டாகும் கோணத்தை ஆராய்ச்சிக்காரர்கள் அளக்கிறார்கள். சுத்தமான கண்ணாடியில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். கறுப்பு நான்ஸ்டிக் பூச்சில் சுமார் 110 டிகிரி. தாமரை இலையில் 150-க்கும் மேலே!

தாமரை இலையில் மெழுகு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மேடுகளும் இருக்கின்றன. தண்ணீர் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, அடியில் காற்று. இதை ஜெர்மானியத் தாவர விஞ்ஞானி வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவருடைய சகாவும் 1997-இல் விளக்கி எழுதினார்கள். அப்படியானால் தோசைக்கல்லையும் தாமரை இலை மாதிரியே பண்ணிவிடலாமே என்று கேட்டேன். "பண்ணலாம் பெரியம்மா. ஆனா நீங்க எண்ணெய் விடுவீங்களே!" என்றான். தண்ணீரை விரட்டும் தாமரை இலை, எண்ணெயிடம் தோற்றுவிடுமாம். எண்ணெய் அந்த மேடுகளுக்கு நடுவே இறங்கிப் படர்ந்துவிடும். சமையலறைக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

கறுப்புப் பூச்சும் இரண்டு லவ் பேர்ட்ஸும்

அந்த வேறு வழி தற்செயலாகக் கிடைத்தது. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற இளம் ரசாயன நிபுணர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலிண்டரில் அடைத்த வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள்! அதுதான் டெஃப்லான். எதோடும் ஒட்டாத, எதிலும் கரையாத பண்டம். 1954-இல் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்பவர் இதைத் தூண்டில் சாமானுக்குப் பூசிப் பார்த்தார். அவர் மனைவி கோலெத், "அதை என் வாணலிக்குப் பூசிக் கொடுங்களேன்" என்றாராம். நான்ஸ்டிக் பாத்திரம் பிறந்த கதை அதுதான். ஒரு வீட்டுக்காரி கேட்டதால் வந்தது! நம் நாட்டில் 1968-இல், அப்போது அவுரங்காபாத் என்ற பெயரில் இருந்த ஊரில் ஒரு குடும்பம் தொழிற்சாலை ஆரம்பித்து, சாமானுக்கு 'நிர்லெப்' என்று பேர் வைத்தது. பற்றில்லாதது என்று அர்த்தம். என் மாமியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எதோடும் ஒட்டாதது, தவாவோடு மட்டும் எப்படி ஒட்டும்? அலுமினியத்தை முதலில் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு ஒன்று கொடுத்து, அதன் மேல் பூசிச் சூளையில் சுடுகிறார்கள். பூச்சு அந்தச் சொரசொரப்பில் பல் பதித்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. கீறல் விழுந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இப்போது, வெள்ளைத் தவாதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்த காரணத்தைச் சொல்கிறேன். 2018 சித்திரை. எங்கள் ஊரில் திருமுலைப்பால் உற்சவம். எங்களிடம் அப்போது கறுப்புத் தவாதான் இருந்தது. காலித் தவாவை அடுப்பில் பெரிய தீயில் வைத்தேன். மேளச் சத்தம் கேட்டதும் சுவாமி பார்க்க வாசலுக்கு ஓடிவிட்டேன். திரும்பி வர கால் மணியாவது ஆகியிருக்கும். சமையலறை பூராவும் ஒரு காரமான நெடி. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், கூடத்தில் தொங்கிய கூண்டில் இரண்டு லவ் பேர்ட்ஸும் கீழே விழுந்து கிடந்தன. சித்திரை வெயில் தாங்காமல் செத்துவிட்டன என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம். அன்று ராத்திரி எனக்கும் தலைவலி, குளிர் ஜுரம். மனசுக்குள் மட்டும் அந்த நெடி உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தியது சரிதான். கறுப்புப் பூச்சு சுமார் 260 டிகிரி வரை தாங்கும். தோசை வேக 200 டிகிரிக்கு மேல் வேண்டியதில்லை. ஆனால் காலியாக, பெரிய தீயில் வைத்த தவா சில நிமிஷத்திலேயே 260-ஐத் தாண்டிவிடும். 350-க்கு மேல் போனால் பூச்சு சிதைந்து விஷப் புகை வரும். பறவைகளின் சுவாசப்பை மிகவும் நுட்பமானது; அவை நிமிஷங்களில் இறந்துவிடும். மனிதர்களுக்கு ஃப்ளூ மாதிரி ஜுரம் வந்து, பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் சரியாகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம், இந்த விளையாட்டே கூடாது.

இன்னொரு சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது உபயோகித்துவந்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம், மண்ணிலும் தண்ணீரிலும் மனித ரத்தத்திலும் அழியாமல் தங்குகிறது என்று தெரிந்து, 2019-இல் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று டப்பாவில் போட்டிருப்பது அதைத்தான். அதனால் டெஃப்லானே இல்லை என்று அர்த்தமாகிவிடாது. தப்பித் தவறி ஒரு துணுக்கு பூச்சு வயிற்றுக்குள் போனால் பயப்பட வேண்டாம். அது ஜீரணமாகாமல் அப்படியே வெளியே போய்விடும். பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான்.

வெள்ளைப் பூச்சு: பாதி மணல், பாதி எண்ணெய்

'செராமிக்' என்றதும் நான் பீங்கான் என்றே நினைத்துவிட்டேன். அது பீங்கானே இல்லையாம்!

நம் கொள்ளிடத்து மணல் என்ன? சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்பது. கண்ணாடியும் அதேதான். கெட்டி, சூடு தாங்கும், ஆனால் தண்ணீரை ஒட்டிக்கொள்ளும். எண்ணெய், மெழுகு இதெல்லாம் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. தண்ணீர் ஒட்டாது, ஆனால் கருகும். இந்த இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தால் வருவது சிலிக்கோன். நடுவில் மணலின் எலும்பு, வெளிப்பக்கம் எண்ணெயின் தோல்! இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பிரெடரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வருஷம் இதை ஆராய்ந்தார். பேர் வைத்தவரும் அவரே. ஆனால் அவர் கண்ணாடிக் குடுவையில் அது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு உபத்திரவம் கொடுத்ததாம். ஒட்டாமைக்குப் பேர் போன பண்டத்தின் பூர்வீகம் அப்படி!

சிலிக்கோன் என்பது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று எண்ண வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவரும் தாள் வழவழவென்று இருக்கிறதே, பொட்டு சுலபமாக உரிந்து வருகிறதே? அந்த மாதிரித் தாள்களில் சாதாரணமாக இருப்பது மெல்லிய சிலிக்கோன் பூச்சுதான்.

வெள்ளைத் தவாவில் இருப்பதும் இந்தக் குடும்பம்தான். மணல் போன்ற கெட்டி வலையும் சிலிக்கோனும் கலந்த கலப்புப் பூச்சு. 2007 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்து, இப்போது எங்கள் ஊர்க் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. கலவையைத் தெளித்து, சுட்டு எடுக்கிறார்கள். பருமன் ஒரு தலைமுடி அளவு கூட இருக்காது. இதில் ஒரு வேடிக்கை: இந்த மாதிரிக் கலப்புகளில் சிலிக்கோனைக் கொஞ்சமாகச் சேர்த்தாலும் போதும். பால் காய்ச்சினால் ஆடை மேலே வந்து படிகிற மாதிரி, சிலிக்கோன் தானாகவே மேல்பரப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஒட்டாத குணம் முழுவதும் அந்த 'ஆடை'யில்தான் இருக்கிறது.

நல்லதென்ன? டெஃப்லான் இல்லாததால், மறந்து சூடேற்றிவிட்டாலும் லவ் பேர்ட்ஸைக் கொன்ற அந்தப் புகை வராது. கெட்டதென்ன? அந்த ஆடை நிரந்தரமில்லை. பெரிய தீயில் எண்ணெயின் தோல் மெதுவாகக் கருகி உதிர்கிறது. காரமான சோப்புத் தூளும் சோடாவும் மணல் வலையையே அரிக்கின்றன. சுடச்சுடத் தண்ணீரில் போட்டால் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, நாம் விடும் எண்ணெயே தீய்ந்து பழுப்பாக ஒட்டிக்கொள்கிறது. எப்படிப் பத்திரமாகப் புழங்கினாலும் கறுப்புப் பூச்சை விட வெள்ளைப் பூச்சு சீக்கிரமே தன் வழுக்கலை இழந்துவிடும். தினமும் தோசை வார்க்கும் வீட்டில் அது ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது. என் மருமகள் எட்டு மாசம் காப்பாற்றினாள். அறுபது வயசு அனுபவசாலியான நான், அத்தனை செல்லம் கொடுத்துப் பத்து மாசம்!

பெரிய ரொட்டித் தொழிற்சாலைகளில் ரொட்டி அச்சுக்கும் சிலிக்கோன் பூச்சுதான். இத்தனை தடவை சுட்டால் பூச்சு தேயும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். தேய்ந்ததும் பழையதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுகிறார்கள். ரொட்டி சுடுகிறவரை நிறுத்தி வைத்து, "உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா?" என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டியின் கல்லுக்கும் பூச்சு உண்டு

பரணில் கிடந்த என் மாமியாரின் இரும்புக் கல்லை இறக்கினேன். துருப் பிடித்திருந்தது. தேய்த்துக் கழுவி, அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, தினம் தண்ணீர் மாற்றினேன். பிறகு துடைத்து, அடுப்பில் காயவைத்து, பாதியாக நறுக்கிய வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தேன். லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி தேய்த்து... நாலைந்து தடவை. கல்லைப் பழக்குவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

"இதுவும் பூச்சுதான் பெரியம்மா" என்றான் தங்கை மகன். மெல்லிய எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான கறுப்புத் தோலாகிறது. வெள்ளைத் தவாவைக் கெடுத்த அதே தீய்ந்த எண்ணெய், இரும்புக் கல்லுக்கு உடம்புத் தோல்! அங்கே திட்டுத் திட்டாகப் பிசுக்காய்ப் படிந்தது. இங்கே மெல்லிசாக, சமமாக, முழுக்கச் சுட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தோல் தேய்ந்தால் மறுபடி நம் கையாலேயே பூசிக்கொள்ளலாம். வாங்கிய பூச்சு போனால் போனதுதான்.

சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வராது என்று பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. எண்ணெயில்லாத வறட்டுச் சூட்டில் அந்தத் தோல் கருகிப்போகிறது, உதிர்ந்த மாவும் தீய்ந்து ஒட்டுகிறது. புளி, தக்காளியை அதில் கொதிக்க வைத்தாலும் புளிப்பு அந்தத் தோலைக் கரைத்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

நான்ஸ்டிக் தவாவைக் கழுவித் துடைத்து, ஆறின பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு திரண்டு நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. படர்ந்து பரவினால் இரண்டில் ஒன்று. சமையல் சோடாவைக் குழைத்து, மெல்லிய துணியால் பழுப்புக் கறையை மெதுவாகத் துடைத்துக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது உருண்டால் அழுக்குதான் காரணம். அப்போதும் படர்ந்தால் ஆயுசு முடிந்தது. அதற்காக யாரையும் திட்ட வேண்டாம்.

இவற்றை ஞாபகம் வையுங்கள்

* எந்த நான்ஸ்டிக் தவாவையும் காலியாகச் சூடேற்றாதீர்கள். முதலில் துளி எண்ணெய் தடவி, நிதானத் தீயில் வையுங்கள். வாசலில் யார் கூப்பிட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

* கறுப்புத் தவா புகைந்தால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வளர்ப்புப் பறவை இருந்தால் கூண்டு சமையலறைப் பக்கமே வேண்டாம்.

* மரக் கரண்டியும் மெல்லிய நாரும் போதும். தவாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் துணி வையுங்கள்.

* வெள்ளைத் தவாவில் எண்ணெயைத் தெளிக்காமல், துணியால் மெல்லிசாகத் தடவுங்கள். ஆறின பிறகே கழுவுங்கள்.

* பூச்சு உரிந்த நான்ஸ்டிக் பாத்திரத்தைத் தூக்கிப் போட மனசு வராமல் வைத்துக்கொள்ளாதீர்கள். 2024-இல் ஹைதராபாத் தேசிய சத்துணவு நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

* தினப்படி தோசைக்கு இரும்புக் கல். எண்ணெய் குறைக்க வேண்டியவர்களுக்கு, முட்டைக்கு, ஊத்தப்பத்துக்கு நான்ஸ்டிக். இரண்டும் வீட்டில் இருக்கலாம். அதனதன் எல்லை தெரிந்தால் சண்டையில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை பழக்கிய கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. என் கையிலயும் அது ஒட்டத்தான் செஞ்சுது" என்றேன். அவள் பேரனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "விடுங்க அத்தை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது மாவுக் கையால் என்று நினைக்கிறேன், கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. முதல் தோசையை அவளே வார்த்தாள். முறுகலாக, முழுசாக வந்தது.

அவள் அம்மாவுக்கும் போன் பண்ணினேன். புதுத் தவா வாங்கி அனுப்ப வைத்தேனே, அது மனசை அரித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்படியா சம்பந்தி? எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. நான் இத்தனை நாளா இவரைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்!"